அளவை எழுதினால் என்ன தப்பு, அக்கா?

மருந்து, மாத்திரை பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, நீலகிரி மாவட்ட அரசு மருத்துவமனைகளில் 29 வருஷம் மருந்தாளுநராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது கோத்தகிரியில் ஒரு மருந்துக் கடையில் பணிபுரியும் நம் அக்கா பதில் சொல்கிறார்.

கேள்வி: அக்கா, எனக்குச் சொந்த ஊர் கட்டபெட்டுக்குக் கீழே ஒரு ஹட்டி (படகர் கிராமம்). கோவையில் கல்லூரியில் படிக்கிறேன். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் இரண்டு வருஷமாகத் தமிழில் எழுதி வருகிறேன். போன மாதம் பாராசிட்டமால் கட்டுரையை விரிவாக்கி, எந்த வயதுக் குழந்தைக்கு எத்தனை எம்.எல். என்று ஓர் அட்டவணை சேர்த்தேன். ஆங்கிலப் பக்கங்களைப் பார்த்து ஒரு வாரம் உட்கார்ந்து தயாரித்தது. மறுநாளே இன்னொரு பயனர் அட்டவணையை மட்டும் எடுத்துவிட்டார். கலைக்களஞ்சியத்தில் மருந்தளவு எழுதக்கூடாதாம். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் நாலு இடத்தில் தேடிக்கொள்வார்கள். எங்கள் ஊர் அம்மாக்கள் தமிழில்தான் தேடுகிறார்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் எங்கள் ஹட்டிக்கு பஸ் கிடையாது. அந்த நேரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் அவர்கள் யாரைக் கேட்பார்கள்? அளவை எழுதினால் என்ன தப்பு, அக்கா?
(கல்லூரி மாணவர், கட்டபெட்டு)

பதில்: தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. ஊர் அம்மாக்களை நினைத்து ஒரு வாரம் உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள், அதற்கு முதலில் என் நன்றி. ஆனாலும் அட்டவணையை எடுத்தவர் பக்கம்தான் நான் நிற்கிறேன். ஏன் என்று சொல்ல, ஒரு பாட்டிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஜனவரி மாதம். உறைபனி நேரம், சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் கடைவீதி அடங்கிவிடும். ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஒரு பெண், இருபத்திரண்டு வயதிருக்கும், கம்பளிக்குள் குழந்தையைச் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கையில் காலி பாட்டில். "இதே மாதிரி இன்னொண்ணு குடுங்கக்கா. நேத்து சாயங்காலம் வாங்கினது, தீந்துபோச்சு" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சொட்டு மருந்து, 15 எம்.எல். பாட்டில். ஒரே நாளில் தீருகிற மருந்தே இல்லை அது. கொட்டிவிட்டதா என்று கேட்டேன்.

"இல்லக்கா, மூணு தடவைதான் குடுத்தேன். ஒரு வயசுக் கொழந்தைக்கு அஞ்சு எம்.எல்.னு போன்ல போட்டிருந்துச்சு. இதுக்குள்ள இருந்த ஃபில்லர்ல ஒரு எம்.எல்.தான் புடிக்குது. அதான் பழைய சிரப் மூடியில அளந்து ஊத்தினேன்."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவளைக் குழந்தையோடு எடை மெஷினில் ஏற்றினேன், பிறகு அவளை மட்டும் ஏற்றினேன். கழித்துப் பார்த்தால் குழந்தை பத்து கிலோ. பாராசிட்டமாலைக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்று கணக்கிடுவோம். பத்து கிலோவுக்கு 100 முதல் 150 மில்லிகிராம். நம் ஊரில் விற்கிற சாதாரண சிரப்பில் 5 எம்.எல்.லுக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் இருக்கும். அதில் 5 எம்.எல். கொடுத்திருந்தால் சரியான அளவு. சொட்டு மருந்தில் ஒரே ஒரு எம்.எல்.லுக்குள் 100 மில்லிகிராம் இருக்கிறது. அவள் ஒவ்வொரு தடவையும் கொடுத்தது 500. மூன்று தடவையில் 1500. பாட்டில் தீர்ந்துபோனதால் கடைக்கு வந்தாள். 30 எம்.எல். பாட்டிலாக இருந்திருந்தால் வந்திருக்க மாட்டாள், நாலாவது தடவையும் ஊற்றியிருப்பாள்.

ஷட்டரை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ரத்தப் பரிசோதனை செய்து, இரண்டு ராத்திரி வைத்துப் பார்த்தார்கள். கல்லீரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது அந்தப் பிள்ளை கடைக்கு வந்தால் கண்ணாடி ஜாடியில் இருக்கும் இருமல் மிட்டாயைத்தான் முதலில் பார்க்கும்.

தம்பி, அவள் போனில் படித்த பக்கத்தை நானும் வாங்கிப் படித்தேன். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. சிரப்பைப் பற்றி எழுதியிருந்தார்கள், சிரப்புக்கு அது சரியான அளவு. அவள் வீட்டில் இருந்தது வேறு பாட்டில், அவ்வளவுதான்.

உங்கள் அட்டவணையை ஆங்கிலப் பக்கங்களைப் பார்த்துத் தயாரித்தேன் என்கிறீர்கள். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் கைக்குழந்தைச் சொட்டு மருந்து நம்முடையதைப் போல அடர்த்தியாகத்தான் இருந்தது. பெற்றோர் இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள் என்று, 2011ல் குழந்தைகளுக்கான திரவ மருந்து எல்லாவற்றையும் 5 எம்.எல்.லுக்கு 160 மில்லிகிராம் என்ற ஒரே அடர்த்திக்குக் கொண்டுவந்தார்கள். ஆகவே அங்கே எழுதுகிற '5 எம்.எல்.' என்றால் 160 மில்லிகிராம். அதே '5 எம்.எல்.' தமிழுக்கு வந்து, நம் சொட்டு மருந்து பாட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் 500. நம் கடைகளில் 5 எம்.எல்.லுக்கு 250 மில்லிகிராம் உள்ள சிரப்பும் இருக்கிறது. மூன்று பாட்டிலிலும் ஒரே பெயர்தான். அமெரிக்காவில் மருந்தின் பெயர்கூடப் பாராசிட்டமால் கிடையாது, அசெட்டமினோஃபென்.

எழுதும்போது உங்கள் கண்முன் அந்த பாட்டில் இல்லை, குழந்தையின் எடையும் இல்லை. சளிக்கென்று வேறு என்ன கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் தெரியாது. கடையில் நிற்கிற எனக்கு இவையெல்லாம் தெரியும். தெரியாவிட்டால் கேட்பேன், கேட்காமல் மருந்தை நகர்த்த மாட்டேன். பக்கம் யாரையும் எதுவும் கேட்காது. படிக்கிறவர் தன் வீட்டு பாட்டிலைத்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வார்.

இன்னொன்று, அங்கே யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஒரு ராஜா பிறந்த வருஷத்தை யாரோ தப்பாக மாற்றினால், நாளைக்கு யாராவது பார்த்துச் சரிசெய்வார்கள், நடுவில் படித்தவருக்கு உடம்பு நோவு எதுவும் வராது. 0.5 என்பதில் புள்ளி விழுந்துபோய் அது ஒரு ராத்திரி மட்டும் 5 என்று நின்றால்? அந்த ராத்திரிதான் பஸ் இல்லாத ராத்திரியாக இருக்கும்.

தமிழில் எழுதுகிறவர் என்பதால் உங்களுக்கென்று ஒரு விஷயம் சொல்கிறேன். மில்லிகிராமைச் சுருக்கி மி.கி. என்கிறோம். மைக்ரோகிராமைச் சுருக்கி மை.கி. என்கிறோம். இகரத்துக்கும் ஐகாரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான், ஆனால் அளவில் ஆயிரம் மடங்கு. தைராய்டுக்குத் தருகிற தைராக்சின் மாத்திரை 25, 50, 100 மைக்ரோகிராம் என்று வரும். அதை மி.கி. என்று அச்சிட்ட தாளை நான் என் கையால் திருத்தியிருக்கிறேன். எங்கே எழுதினாலும் மைக்ரோகிராமை முழுசாக எழுதுங்கள், தயவுசெய்து சுருக்காதீர்கள். அதேபோல 'கால்'. இதய நோய்க்கு டிஜாக்சின் என்ற மாத்திரை உண்டு, 0.25 மில்லிகிராம். ஒரு பெரியவருக்கு யாரோ வாய்வார்த்தையாகக் 'கால் மில்லிகிராம் மாத்திரை' என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் ஒரு மாதம் மாத்திரையை நாலாக உடைத்துக் கால் பங்கு சாப்பிட்டிருக்கிறார். மூச்சு வாங்குகிறது என்று திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது. நம் மொழியில் பின்னத்துக்கு அவ்வளவு அழகான சொற்கள் இருக்கின்றன, மருந்தில் மட்டும் அவற்றைப் பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

மருந்து தனியாக ஆபத்தில்லை, எண் தனியாக ஆபத்தில்லை, இரண்டும் சேரும் இடத்தில்தான் பார்க்கவேண்டும் என்பதற்கு இன்சுலின் போதும். நம் நாட்டில் குப்பியில் வருகிற இன்சுலின் பெரும்பாலும் ஒரு எம்.எல்.லுக்கு 40 யூனிட். பேனாவில் போடுகிற கார்ட்ரிட்ஜில் ஒரு எம்.எல்.லுக்கு 100 யூனிட். ஊசியும் இரண்டு வகை: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. பேனா கெட்டுப்போய்விட்டது என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை உறிஞ்சிப் போட்டால், உடம்புக்குள் போவது 25 யூனிட். விடியற்காலை வியர்த்து ஊற்றி, பேச்சு குழறி, எழுப்பினால் எழாமல் கிடப்பார்கள். '10 யூனிட்' என்று எழுதினவர் எந்தத் தப்பும் செய்யவில்லை.

மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு மாத்திரை. அந்த நோய்க்கு அதை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் என்று நினைத்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள், வாய் முழுக்கப் புண் வந்து, ரத்த அணுக்கள் இறங்கி. தேயிலை கிள்ளி விரல் மடக்க முடியாமல் வருகிற அம்மாக்களுக்கு நான் இதைக் கொடுக்கும்போது கவர் மேல் சிவப்புப் பேனாவில் கிழமையை எழுதி வட்டம் போட்டு, அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பேன். "எந்தக் கிழமைம்மா?" "வியாழன்." "வெள்ளிக்கிழமை?" "சாப்புடக் கூடாது." இதைச் சொன்ன பிறகுதான் கவர் கைமாறும். இது கட்டாயம் கலைக்களஞ்சியத்தில் இருக்க வேண்டிய செய்தி. எத்தனை மில்லிகிராம் என்பது வேண்டாம், வாரத்துக்கு ஒருமுறை என்பதைப் பெரிதாக எழுதுங்கள்.

கூடலூர், பந்தலூர் பக்கம் பழங்குடிப் பிள்ளைகளுக்கு அரிவாள் செல் ரத்தசோகை இருக்கிறது. இந்தியாவில் அந்த நோய் இருப்பதாக முதன்முதலில் 1952ல் பதிவானதே நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். அதற்குக் கொடுக்கிற ஹைட்ராக்சியூரியாவை எடை பார்த்து ஆரம்பித்து, சில வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து அணுக்களை எண்ணி, ஏற்றியும் நிறுத்தியும் கொடுப்பார்கள். அதற்கு எந்த எண்ணை எழுதுவீர்கள்?

உங்களைத் தடுத்தவர் சொன்ன விதி அவர் சொந்தமாகக் கண்டுபிடித்ததல்ல. ஆங்கில விக்கிப்பீடியாவில் மருத்துவக் கட்டுரைகளுக்கென்று ஒரு நடைக் கையேடு இருக்கிறது. மருந்தளவையும் அதை ஏற்றி இறக்கும் முறையையும், கட்டுரைக்கு உண்மையிலேயே அவசியமான இடம் தவிர, எழுதவேண்டாம் என்று அது சொல்கிறது. அந்த விதியில் ஒரு குறையும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2008ல் அமெரிக்க மருந்தியல் ஆய்வாளர்கள் மருந்து பற்றிய 80 கேள்விகளை விக்கிப்பீடியாவிலும், மருத்துவத் துறையினர் பார்க்கிற ஒரு தகவல் தளத்திலும் தேடிப் பார்த்தார்கள். விக்கிப்பீடியாவில் 40 சதவீதத்துக்குப் பதில் கிடைத்தது, அந்தத் தளத்தில் 82.5 சதவீதத்துக்கு. அளவு பற்றிய கேள்விகளில் தளம் 90 சதவீதம், விக்கிப்பீடியா 0. விக்கிப்பீடியாவில் அவர்கள் உண்மைப் பிழை எதையும் காணவில்லை, விட்டுப்போனவைதான் நிறைய. எனக்குக் கவலை அங்கேதான். இருப்பதெல்லாம் சரியாக இருக்கும்போது, இல்லாதது ஒன்று இருக்கிறது என்று படிக்கிறவருக்குத் தோன்றாது. அதனால் அளவை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. 'இந்தக் கட்டுரையில் அளவு இல்லை, அது எடையையும் பாட்டிலையும் பொறுத்தது, டாக்டரையோ மருந்தாளுநரையோ கேளுங்கள்' என்று அந்த இடத்திலேயே தமிழில் எழுதவேண்டும். அட்டவணையை எடுத்தவர் அதைச் செய்யாமல் விட்டிருந்தால், நீங்கள் செய்யுங்கள்.

கூடவே இதையும் எழுதுங்கள். நம் ஊரில் பாராசிட்டமால் எந்தெந்த அடர்த்தியில் விற்கிறது, சொட்டு மருந்துக்கும் சிரப்புக்கும் எத்தனை மடங்கு வித்தியாசம் என்று எழுதுங்கள். சளி மாத்திரைகளுக்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கிறது, 650 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரையையும் சளி மாத்திரையையும் சேர்த்துப் போட்டால் ஒரே மருந்தை இரண்டு தடவை போட்டதாகும் என்று எழுதுங்கள். பெரியவர்களுக்கும் 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக்கூடாது, குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் கல்லீரல் கெட்டவர்களுக்கும் அதுவே அதிகம். அளவு மீறினால் முதல் நாள் ஒன்றும் தெரியாது, கொஞ்சம் குமட்டலோடு நடமாடிக்கொண்டிருப்பார்கள். கல்லீரல் அதற்குப் பிறகுதான் காட்டிக்கொடுக்கும். முறிவு மருந்து இருக்கிறது, அசிட்டைல்சிஸ்டீன். எவ்வளவு சீக்கிரம் போகிறார்களோ அவ்வளவு நல்லது. உங்கள் ஊர் அம்மாக்கள் இதைத் தெரிந்துகொண்டால் என் கடைக்கு வந்த பெண் மாதிரி பதற வேண்டியிருக்காது.

எண்ணே எழுதக்கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். எழுதியே ஆகவேண்டிய எண்கள் உண்டு. வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டின தேக்கரண்டியில் ஆறு சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. 1971ல் வங்கதேசப் போர் நேரத்தில், மேற்கு வங்க எல்லையில் காலரா பரவிய அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ், ஊசி வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோகவே, உப்பும் குளுக்கோஸும் கலந்த பொட்டலங்களைத் தயாரித்து, கரைத்துக் கொடுக்கிற வேலையைச் சொந்தக்காரர்கள் கையிலேயே விட்டார். அந்த அளவு நாலு பேருக்குத் தெரிந்ததால் பிழைத்த உயிர்கள் எத்தனையோ. அதிலும் பாக்கெட்டைப் பார்க்கவேண்டும்: 21 கிராம் பாக்கெட் ஒரு லிட்டருக்கு, 4 கிராம் சொச்சம் உள்ள சின்னது 200 எம்.எல்.லுக்கு. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தால் உப்பு ஏறிக் குழந்தைக்கு ஃபிட்ஸ் வரலாம்.

நாய்க்கடி இன்னொன்று. 1907லிருந்து நம் குன்னூரில் பாஸ்டியர் நிலையம் இருக்கிறது, அப்படியும் 'தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி' என்று பயந்து வராமல் இருக்கிறவர்களை இன்னமும் பார்க்கிறேன். அந்த ஊசி போய் வருஷக்கணக்காகிவிட்டது. சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே ஊசிக்குப் போகவேண்டும். தோலில் போடுகிற முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள், தசையில் போடுகிற முறையில் 0, 3, 7, 14, 28. முதல் ஊசி போட்ட நாள்தான் 0. இந்தத் தடுப்பூசி கைக்குழந்தைக்கும் எண்பது வயதுக்காரருக்கும் ஒரே அளவு, எடை பார்ப்பதில்லை. அதனால் தாராளமாக எழுதலாம். ஆனால் ஆழமான காயத்துக்கு அதோடு சேர்த்து இம்யூனோகுளோபுலின் போடுவார்கள், அதை எடை பார்த்துத்தான் கணக்கிடுவார்கள். ஒரே கடிக்கு இரண்டு மருந்து. முதலாவதன் நாள் கணக்கு ஊருக்கே தெரியவேண்டும், இரண்டாவதன் அளவு ஆஸ்பத்திரியில் இருக்கட்டும். எந்த எண்ணை எழுதலாம் என்று உங்களுக்குச் சந்தேகம் வரும்போதெல்லாம் இந்த இரண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நீ மட்டும் கிலோவுக்கு இத்தனை என்று இங்கே எழுதுகிறாயே என்று கேட்பீர்கள். இந்தப் பக்கத்துக்கு நான் பொறுப்பு. தப்பிருந்தால் ஆசிரியருக்கு எழுதி என்னைக் கேட்கலாம், அடுத்த இதழில் திருத்தம் போடவேண்டியவள் நான். அச்சான பிறகு ராத்திரியோடு ராத்திரியாக யாரும் இதை மாற்றவும் முடியாது.

இனி அந்த பஸ் இல்லாத ராத்திரி. அதற்கான பதில் பகலிலேயே தயாராக இருக்கவேண்டும். குழந்தையை அடுத்த தடுப்பூசிக்குக் கொண்டுபோகும்போது அம்மா தன் வீட்டு சிரப் பாட்டிலையும் எடுத்துப்போகட்டும். எடை பார்த்து, இந்த பாட்டிலில் எத்தனை எம்.எல். என்று அங்கேயே கேட்கட்டும். நான் வெள்ளை பிளாஸ்திரியைக் கிழித்து பாட்டிலில் ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவால் தேதி, எடை, எம்.எல். மூன்றையும் எழுதி, கீழே '6 மணி நேரம் விட்டு, ஒரு நாளில் 4 தடவைக்கு மேல் வேண்டாம்' என்று சேர்ப்பேன். மூடியில் அந்தக் கோட்டையும் பேனாவால் இழுத்துக் காட்டுவேன். மூன்று மாதம் போனால் எடை கூடியிருக்கும், பழைய பிளாஸ்திரியைப் பிய்த்துவிட்டுப் புதிது ஒட்டவேண்டும். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் சிரப்பே வேண்டாம், 108ஐக் கூப்பிட வேண்டும். சந்தேகம் கேட்க ராத்திரியிலும் 104 என்ற மருத்துவ ஆலோசனை எண் இருக்கிறது. உங்கள் ஹட்டியில் இருபது வீட்டில் இந்தப் பிளாஸ்திரி இருந்தால், அது உங்கள் அட்டவணையைவிட நல்ல அட்டவணை. பொங்கல் லீவில் வரும்போது சொல்லுங்கள், நான் பிளாஸ்திரி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

கேள்வி: அரசு, ஆஸ்பத்திரி சார்ந்த வெளிநாட்டு இணையதளங்கள் அளவு போடுகின்றனவே, அவற்றைப் பார்க்கலாமா? மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாள் போதாதா?
(குன்னூர் வாசகி)

பதில்: பார்க்கலாம். பிரிட்டனின் என்.எச்.எஸ்., அமெரிக்காவின் மெட்லைன்பிளஸ் போன்றவற்றில் எழுதினதற்குப் பொறுப்பேற்க ஒரு நிறுவனம் இருக்கிறது, கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்ற தேதியும் இருக்கும். ஆனால் அது அவர்கள் நாட்டு மாத்திரைக்கு எழுதியது. மருந்து எதற்கு, எதோடு சேரக்கூடாது என்பதை அங்கே படியுங்கள், எத்தனை எம்.எல். என்பதைக் கையில் உள்ள பாட்டிலைக் காட்டிக் கேளுங்கள்.

பெட்டிக்குள் இருக்கிற தாள் நல்ல விஷயம்தான். ஆனால் அது மருத்துவருக்காக எழுதப்பட்டது, ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில். நோயாளிக்கென்று தமிழில், கண்ணாடி போடாமல் படிக்கிற எழுத்தில் ஒரு தாள் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வரவேண்டும் என்று நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், இப்போதும் கேட்கிறேன். மருந்து சாப்பிட்டு வேண்டாத விளைவு வந்தால் 1800 180 3024 என்ற இலவச எண்ணில் நீங்களே தெரிவிக்கலாம், டாக்டர் மூலம்தான் என்றில்லை.

கேள்வி: என் பாட்டிக்கு 74 வயது. சிலோனிலிருந்து வந்து டேன்டீயில் (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) வேலை பார்த்தவர். பிரஷருக்கும் சர்க்கரைக்குமாக நாலு மாத்திரை. படிக்கத் தெரியாது. கவரில் 1-0-1 (காலை ஒன்று, மத்தியானம் இல்லை, ராத்திரி ஒன்று) என்று எழுதித் தருகிறார்கள், அவருக்கு அது என்ன என்றே புரிவதில்லை. நான் ஈரோட்டில் வேலையில் இருக்கிறேன், மாதம் ஒருமுறைதான் வரமுடிகிறது.
(பந்தலூர் வாசகி)

பதில்: கூடலூரிலிருந்து ஊட்டிக்கு வருகிற வழியில் நடுவட்டம் தாண்டும்போது எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வரும். 1860களில் அந்த மலையில் சிங்கோனா வைத்தார்கள், பட்டையிலிருந்து குயினைன் எடுக்கத் தொழிற்சாலையும் வந்தது. மலேரியாவுக்கு அதுதான் மருந்து. படிக்கத் தெரியாத ஜனங்களிடம் அதை எப்படிச் சேர்ப்பது? வங்காளத்தில் 1892 முதல் குயினைனைச் சின்னச் சின்னப் பொட்டலமாக அளந்து கட்டி, பொட்டலம் ஒரு பைசா என்று தபால் ஆபீசிலேயே விற்றார்கள். அளந்து கட்டியாகிவிட்டதால் அளவைப் படிக்கவேண்டிய வேலையே இல்லை.

உங்கள் பாட்டிக்கும் அதைத்தான் செய்யப்போகிறோம். துணியில் மூன்று சுருக்குப்பை தையுங்கள். காலைப் பைக்குச் சிவப்புக் கயிறு, மத்தியானத்துக்கு வெள்ளை, ராத்திரிக்குக் கருப்பு. மாத்திரையைப் பட்டையிலிருந்து பிதுக்கி எடுத்துப் போடாதீர்கள். தேவாலா, சேரம்பாடி மழையில் ஒரே வாரத்தில் பூத்துப்போகும். கத்தரியால் பட்டையோடு ஒவ்வொன்றாக வெட்டிப் போடுங்கள். பெயரும் காலாவதித் தேதியும் உள்ள துண்டைப் பழைய கவரிலேயே பத்திரப்படுத்துங்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அது வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னால் போடவேண்டிய மாத்திரைக்கு மட்டும் தனியாக ஒரு சின்னப் பை வைத்து, அரிசி டப்பாவுக்குள் போட்டு வையுங்கள். உலை வைக்க அரிசி எடுக்கும்போது கையில் தட்டுப்படும். சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கொழுந்து பறிக்கப் போய்விடக்கூடாது என்பதை மட்டும் பக்கத்து வீட்டு அக்காவிடமும் சொல்லி வையுங்கள்.

நீங்கள் வரமுடியாத வாரங்களில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் பண்ணி, பையை மடியில் கவிழ்த்து எண்ணச் சொல்லுங்கள். இரண்டு மிச்சமிருந்தால் பாட்டியைத் திட்டாதீர்கள். எந்த வேளை மறந்தது, அன்றைக்கு என்ன வேலையாக இருந்தார் என்று மட்டும் கேட்டு, எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். பையை வேறு எங்கே மாட்டலாம் என்று பார்ப்போம்.